தலைவர்கள் ஏறிய விமானங்கள் விழுந்தால்: விபத்தா, சதியா?

6 ஜூன் 2025, காலை (இழையைத் தொடங்கிய வாசகர்)

இன்று ஜூன் 6. 1976இல் இதே நாளில் மலேசியாவின் சபா மாநில முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் விமானத்தோடு கடலில் விழுந்து இறந்தார். அது எண்ணெய் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டிய நேரம். அந்த விமானத்தில் வந்திருக்க வேண்டிய ஒரு பெரிய மனிதர் வேறு விமானத்தில் போனார். அறிக்கை 47 ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. நாட்டை ஆள்பவர்கள் வானத்தில் இறந்தால் அது ஒருபோதும் விபத்தாக இருப்பதில்லை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு மறுக்கலாம்.

6 ஜூன் 2025, இரவு

மறுக்கிறேன். முழுவதையும் மறுக்க முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் தோட்டத்துக் கிராணியாக இருந்தேன்; ரப்பர் பாலை நிறுப்பதும், செம்பனைக் குலையை எண்ணுவதும், லோரிக்கும் டிராக்டருக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பதுமே என் பிழைப்பு. 2023 ஏப்ரலில் அரசு அந்த அறிக்கையை வெளியிட்டபோது, என்னோடு ஒட்டுக்கடையில் அமர்ந்திருந்தவர்கள் அதில் யார் பெயர் இருக்கிறது என்று தேடினார்கள். நான் எடை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினேன்.

விழுந்தது நோமாட் என்ற ஆஸ்திரேலியத் தயாரிப்பு. இரண்டு இயந்திரங்கள் கொண்ட சிறிய விமானம். லாபுவானில் புறப்பட்டுக் கோத்தா கினாபாலுவில் இறங்க வேண்டிய அது, ஓடுபாதையை நெருங்கிய நிலையில் செம்புலான் அருகே ஆழமில்லாத கடலில் விழுந்தது. முதலமைச்சர், மாநில அமைச்சர்கள் சாலே சூலோங், பீட்டர் மொஜுந்தின், சோங் தியென் வுன், துணை அமைச்சர் டேரியஸ் பினியோன், முதலமைச்சரின் மகன் ஜொஹாரி, அதிகாரிகள், மெய்க்காவலர் எனப் பத்துப் பயணிகள் இறந்தனர். பெர்ஜாயா கட்சி ஆட்சிக்கு வந்து இரண்டு மாதங்கள்கூட நிறையவில்லை. ஒரு மாநில அரசின் தலைப்பகுதி முழுவதும் ஒரே சிறிய விமானத்தில் இருந்தது.

அறிக்கை சொல்வது இதுதான்: தீப்பற்றியதற்கோ, வெடித்ததற்கோ, யாரும் நாசவேலை செய்ததற்கோ தடயம் இல்லை; பின்புறச் சரக்கறையில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப்பட்டிருந்தது; அதனால் விமானத்தின் எடை மையம் அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டி வால்பக்கம் போய்விட்டது; விமானி களைத்திருந்தார்.

வாசகருக்கு இது சப்பென்று இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு முதலமைச்சரின் சாவுக்குப் பெட்டிகளும் மூட்டைகளும் காரணம் என்றால் மனம் ஏற்காது. ஆனால் சுமை வைத்த இடம் ஆளைக் கொல்லும் என்பதை நான் எங்கள் தோட்டத்தில் கண்ணால் கண்டவன். 1984இல் எங்கள் டிராக்டர் ஒன்று உர மூட்டைகளோடு மேட்டுச் சரிவில் புரண்டது. ஓட்டியவர் கவனக்குறைவாக இறக்கத்தில் வேகமாக வந்துவிட்டார். விவரம் பிறகு.

7 ஜூன் 2025

நேற்றைய குறிப்பில் பத்துப் பயணிகள் என்று எழுதினேன். அந்த எண் சரி. ஆனால் ஒரு வாசகர், "பதினோராவது ஆளை எங்கே விட்டீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். விமானியைத்தான் கேட்கிறார். கேப்டன் காந்தி நாதன். எடை மையத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய நான், அந்த எடையோடு விமானத்தைக் கையில் பிடித்திருந்தவரின் பெயரை எழுதவில்லை. அவர் களைத்திருந்தார் என்பதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறேன். இறந்தவர்கள் பதினொருவர்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் அந்தப் பெயரைப் பற்றித்தான் பேச்சு. அமைச்சர்களின் பெயர்கள் எங்கள் பெரியவர்களின் வாயில் நுழையவில்லை. "பைலட் நம்ம ஆளாமே" என்று மட்டும் சொல்வார்கள். பெருமையா பயமா என்று பிரித்தறிய முடியாத குரலில் சொல்வார்கள். பழி எந்தப் பக்கம் உருளும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது போலும்.

வேறு விமானத்தில் போனவர் தெங்கு ரசாலி ஹம்சா. அப்போது மலேசிய அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் தலைவர். இதைச் சதிக்குச் சான்றாகச் சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஒவ்வொரு பேருந்து விபத்திலும் கடைசி நேரத்தில் ஏறாமல் விட்ட ஒருவர் நம் ஊரில் இருப்பார். அவரை நாம் குலதெய்வம் காப்பாற்றியது என்கிறோம். அவர் பதவியில் இருந்தால் மட்டும் ஏன் சந்தேகப்படுகிறோம்? எண்ணெய் ஒப்பந்தத்தை விபத்துக்கு எட்டு நாள் கழித்துப் புதிய முதலமைச்சர் ஹாரிஸ் சாலே கையெழுத்திட்டார். சபாவுக்கு ஐந்து விழுக்காடு உரிமைத்தொகை. அந்த ஐந்து விழுக்காட்டின் மேலுள்ள கோபம் வேறு, விமானத்தின் வால் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டதால் எதையும் நேராகப் பேச முடியாமல் போயிற்று.

8 ஜூன் 2025

வாசகர் பக்கமும் நியாயம் உண்டு என்று சொன்னேன் அல்லவா? சதியும் தாக்குதலும் ஐயமின்றி நிகழ்ந்தவை இருக்கின்றன. 1994 ஏப்ரல் 6 அன்று ருவாண்டா அதிபர் ஹப்யாரிமானாவும் புருண்டி அதிபர் ந்தார்யாமிராவும் சென்ற விமானம் கிகாலியில் இறங்கும்போது ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்த இரவே இனப்படுகொலை தொடங்கியது. 1965 செப்டம்பரில் போர் நடந்துகொண்டிருந்தபோது குஜராத் முதலமைச்சர் பல்வந்த்ராய் மேத்தாவின் விமானத்தைப் பாகிஸ்தான் போர் விமானம் சுட்டது. சுட்ட விமானி பல பத்தாண்டுகள் கழித்து 2011இல், இறந்த விமானியின் மகளுக்கு வருத்தம் தெரிவித்து எழுதினார்.

நம் நாட்டிலேயே 1977 டிசம்பர் 4. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த மாஸ் (மலேசிய விமான நிறுவனம்) விமானம் 653 கடத்தப்பட்டு, சிங்கப்பூர் நோக்கித் திரும்பி, ஜொகூர் தஞ்சோங் கூப்பாங் சதுப்பில் விழுந்தது. நூறு பேர். விவசாய அமைச்சர் அலி ஹாஜி அகமட் அதில் இருந்தார். பொதுப்பணித் துறையின் தலைவரும், ஜப்பானுக்கான கியூபத் தூதரும் இருந்தார்கள். கடத்தியவர் யார் என்பது உறுதியாக நிறுவப்படவே இல்லை. அங்கே சதியா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. துப்பாக்கி உள்ளே இருந்தது. ஆனால் அந்தத் துப்பாக்கிக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டாண்டுக்குள் இரண்டு: ஒன்று சுமையால், ஒன்று துப்பாக்கியால். எங்கள் பெரியவர்களின் நினைவில் இரண்டும் கலந்துவிட்டன. செம்புலானிலும் கடத்தல் நடந்தது என்று சத்தியம் செய்பவரை இந்த ஊரில் எனக்குத் தெரியும்.

10 ஜூன் 2025

"பெட்டி பின்னால் இருந்தால் விமானம் விழுந்துவிடுமா, கதை விடாதீர்கள்" என்று ஒருவர். சரி, வேறு நாட்டுக்குப் போவோம்.

1981 பிப்ரவரி 7. சோவியத்து ஒன்றியத்தின் பசிபிக் கடற்படைத் தளபதிகள் லெனின்கிராடில் கூட்டம் முடித்து ஊர் திரும்புகிறார்கள். புஷ்கின் விமானத் தளத்தில் து-104 விமானம் மேலெழுந்த சில நொடிகளில் மூக்கைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து விழுந்தது. ஐம்பது பேரும் மாண்டனர். அவர்களில் பதினாறு பேர் கடற்படை, இராணுவத் தலைமை அதிகாரிகள். எந்தப் போரிலும் ஒரே நாளில் அவ்வளவு அட்மிரல்களை அந்த நாடு இழந்ததில்லை. மாஸ்கோவிலும் முதலில் எழுந்த பேச்சு சதிதான். விசாரணையில் கிடைத்ததோ, தலைநகர்ப் பக்கம் வந்தவர்கள் வாங்கி ஏற்றிய பொருள்கள்: வீட்டுச் சாமான்கள், ஆரஞ்சுப் பழங்கள், பெரிய காகிதச் சுருள்கள். கட்டப்படாத காகிதச் சுருள்கள் ஏறும்போது வால்பக்கம் உருண்டிருக்கின்றன.

எடை மையம் பின்னால் போனால் என்ன நடக்கும் என்பதைத் தராசு பிடித்தவனாகச் சொல்கிறேன். விமானம் இறக்கையில் தொங்கும் ஒரு காவடி. முன்னும் பின்னும் சமமாக இருக்கும்வரை வாலில் உள்ள சிறிய தகட்டால் மூக்கை ஏற்றவும் இறக்கவும் முடியும். பின்பக்கம் கனத்தால் மூக்கு தானாக எழும்பும். வேகம் இருக்கும்வரை விமானி அதை அழுத்திப் பிடிப்பார். இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும்போது வால் தகட்டின் மேல் படும் காற்று குறைகிறது, பிடி தளர்கிறது, மூக்கு இன்னும் எழுகிறது, இறக்கை காற்றை விட்டுவிடுகிறது. வழி முழுக்க நன்றாக வந்த விமானம் கடைசி இரண்டு நிமிடத்தில் ஏன் விழ வேண்டும் என்று செம்புலானைப் பற்றிக் கேட்கிறார்களே, இதனால்தான். கெட்டது கடைசியில் மட்டுமே தெரியும்.

எங்கள் டிராக்டரும் அப்படித்தான். ஒற்றை அச்சு டிரெய்லரில் மூட்டைகளை அச்சுக்குப் பின்னால் அடுக்கினால் இழுவைக் கம்பி மேலே தூக்கும். டிராக்டரின் பின் சக்கரங்கள் மண்ணில் அழுந்தாது. சமதரையில் ஒன்றும் தெரியாது. செம்மண் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தவுடன் டிரெய்லர் தள்ளும், டிராக்டர் குறுக்கே திரும்பும். அன்று மூட்டைகள் பின்னால்தான் இருந்தன. இறக்குவதற்குச் சுலபம் என்று பின்னாலேயே அடுக்கினார்கள்.

முதல் குறிப்பில் "ஓட்டியவர் கவனக்குறைவாக" என்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அது நான் நினைத்து எழுதியது அல்ல. தோட்ட அலுவலக அறிக்கையில் இருந்த வாசகம். நாற்பத்தோரு ஆண்டுகளாக அந்த வாசகத்தையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

12 ஜூன் 2025, இரவு

அகமதாபாத் விமான விபத்துச் செய்தியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குஜராத்தின் முன்னாள் முதலமைச்சர் விஜய் ரூபானி அதில் இருந்திருக்கிறார். இன்று ஊகம் வேண்டாம் என்று இழையில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

15 ஜூன் 2025

கேட்டுக்கொண்டு பயனில்லை, ஊகம் நாற்பது பின்னூட்டங்களுக்கு ஓடிவிட்டது. நான் வேறு ஒன்றை எழுதுகிறேன், நம் ஊர்க் கதை.

நாளை ஜூன் 16. 1948இல் அந்த நாள் காலையில் சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்துத் துரை ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். பின் சூன் தோட்டத்தில் ஜான் அல்லிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இருவர். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக மலாயாவில் அறிவித்த அவசரகாலம் பிறந்த இடம் எங்கள் ஊர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதன் தொடர்ச்சியாக வானத்தில் நிகழ்ந்ததுதான் யாருக்கும் தெரிவதில்லை. அப்போது மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் எட்வர்ட் ஜெண்ட். அவர் மெத்தனமாக இருக்கிறார் என்று துரைமார்கள் கொதித்தார்கள். லண்டன் அவரைத் திரும்ப அழைத்தது. எல்பில் கொலை நடந்த பதினெட்டாம் நாள், ஜூலை 4, அவர் சென்ற அரச விமானப்படையின் யார்க் விமானமும் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த பயணிகள் விமானமும், லண்டன் நார்தோல்ட் தளத்தில் இறங்க மேகத்துக்குள் காத்திருந்தபோது நார்த்வுட்டுக்கு மேலே மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த முப்பத்தொன்பது பேரும் இறந்தார்கள்.

இதை வாசகரின் கணக்கில் போட்டுப் பாருங்கள். பதவி பறிக்கப்பட்ட ஆளுநர், நாட்டில் போர் தொடக்கம், தலைநகரின் வாசலில் மரணம். சதிக்கு வேண்டிய எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. இருந்தும் யாரும் சதி என்று சொல்வதில்லை. அந்த மனிதருக்காக அழ இங்கே ஆள் இல்லை என்பதே காரணமாக இருக்கலாம். அன்பு வைத்த தலைவரின் சாவுக்குத்தான் நமக்குக் கொலைகாரன் தேவைப்படுகிறான்.

அவருக்குப் பின் வந்த சர் ஹென்றி கர்னி 1951 அக்டோபர் 6 அன்று ஃபிரேசர் மலைச் சாலையில் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இருவரையும் ஒருவராக்கி, "வெள்ளைக்காரப் பெரியதுரையை மலையில் விமானத்தோடு சுட்டார்கள்" என்று சொல்வார்கள். மேலே தஞ்சோங் கூப்பாங்கையும் செம்புலானையும் கலந்த கதை போலத்தான் இதுவும்.

22 ஜூன் 2025

6-6-76 என்ற எண்ணில் மர்மம் இருக்கிறது என்று ஒரு சோதிட அன்பர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். அவருக்கு இன்னொன்று எடுத்துக் கொடுக்கிறேன்: பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் பஹாவல்பூர் அருகே விழுந்தது 1988 ஆகஸ்ட் 17; நம் எல்மினா விமான விபத்து 2023 ஆகஸ்ட் 17. இதை வைத்து என்ன செய்வார் என்று பார்ப்போம். ஜியாவின் விமானத்தில் கடைசி நேரத்தில் மாம்பழப் பெட்டிகள் ஏறின. அவற்றில் எதையோ மறைத்து வைத்தார்கள் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. சோவியத்து ஆரஞ்சு எடையால் குற்றவாளியானது, பாகிஸ்தான் மாம்பழம் சந்தேகத்தால்.

எண்ணைப் பற்றி நம்மவர்களைப் பரிகசிக்கவும் எனக்குத் தகுதி இல்லை. 1984இல் டிராக்டர் புரண்ட மறுநாள் அதன் பதிவு எண்ணை நாலு நம்பர் லாட்டரிக் கடையில் எழுதியவர்களின் வரிசையில் நானும் நின்றேன். விழவில்லை.

25 ஜூன் 2025

போலந்து பற்றிக் கேட்டவருக்கு. 2010 ஏப்ரல் 10 அன்று அதிபர் லெக் கச்சின்ஸ்கியும் அவர் மனைவியும் படைத் தளபதிகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களுமாகத் தொண்ணூற்றாறு பேர் ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்கில் விமானம் விழுந்து இறந்தார்கள். போலந்து அதிகாரிகளை 1940இல் சோவியத்துப் படை கொன்ற கட்டீன் படுகொலையின் எழுபதாம் ஆண்டு நினைவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடர்ந்த மூடுபனி, வசதி குறைந்த இராணுவத் தளம், தரையை நெருங்குகிறாய் என்று கருவி கத்தியும் இறங்க முயன்றார்கள். அந்நாட்டில் பலர் இன்றும் அதை விபத்தென்று ஒப்புக்கொள்வதில்லை. கட்டீன் படுகொலையை மாஸ்கோ ஐம்பது ஆண்டுகள் மறைத்திருந்தது என்ற உண்மை அவர்கள் முன் இருக்கிறது. நம்பாமல் இருப்பதற்கு அவர்களுக்குக் காரணம் உண்டு.

இத்தகைய பயணங்களில் எனக்குத் தெரிவது ஒன்று. பின்னால் அமர்ந்திருப்பவர் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. அவர் அமர்ந்திருப்பதே விமானிக்குக் கட்டளைதான். விழாவுக்கு நேரம் ஆகிறது, கூட்டம் காத்திருக்கிறது, திரும்பிவிடலாம் என்று யார் சொல்வது? ஈரான் அதிபர் ரைசியும் உடன் வந்தவர்களும் 2024 மே 19 அன்று எல்லையில் அணை திறப்பு விழா முடிந்து மூன்று ஹெலிகாப்டர்களில் மலைப் பனிமூட்டத்துக்குள் புறப்பட்டார்கள். இரண்டு திரும்பின, அவருடையது திரும்பவில்லை. ஆந்திர முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி 2009 செப்டம்பர் 2 அன்று மழையில் நல்லமலைக் காட்டுக்கு மேலே சென்றார். எங்கள் சின்னையா (தோட்டத்தின் துணை நிர்வாகி) ஜீப்பில் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பேச மாட்டார். நாங்கள் மூட்டை அடுக்குவதை விட்டு எறியத் தொடங்குவோம்.

13 ஜூலை 2025

அகமதாபாத் முதற்கட்ட அறிக்கை வந்துவிட்டது. மேலெழுந்த சில நொடிகளில் இரண்டு இயந்திரங்களின் எரிபொருள் விசைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் நிலைக்குச் சென்றிருக்கின்றன; ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்கிறார், நான் நிறுத்தவில்லை என்கிறார் மற்றவர். யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்றுகூட அதில் இல்லை. அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது, இந்த இழையிலும்.

2021 டிசம்பர் 8 அன்று நீலகிரியில் ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது. சூலூரில் புறப்பட்டு வெலிங்டன் கல்லூரிக்குப் போகும் வழியில், குன்னூர் தேயிலைச் சரிவை ஒட்டிய நஞ்சப்பசத்திரத்தில். பதினான்கு பேர். அந்த ஊர்த் தமிழர்கள் குடத்தில் தண்ணீரும் வீட்டுப் போர்வையும் எடுத்துக்கொண்டு ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அந்த லய வீடுகளும் அந்தப் போர்வைகளும் எங்கள் தோட்டத்தைப் போலவே இருந்தன. மூன்று ஆண்டு கழித்து நாடாளுமன்றக் குழு அறிக்கையில் காரணத்துக்கான கட்டத்தில் இரண்டே சொற்கள்: மனிதத் தவறு. அடைப்புக்குறிக்குள், விமானக் குழு. அவர்கள் தவறே செய்யவில்லை என்று நான் வாதாடவில்லை. மேகம் திடீரென்று மூடிக்கொண்டது என்று விமானப்படையின் விசாரணையே சொன்னது. அந்தக் கட்டம் சிறியதாக இருக்கிறது என்பதுதான் என் குறை. அதில் ஒரு பெயருக்கு மேல் எழுத இடமில்லை, எழுதப்படும் பெயர் பெரும்பாலும் பதில் சொல்ல முடியாதவருடையது.

நம் பக்கத்தில் 2016 மே 5. சரவாக்கில் பெத்தோங்கிலிருந்து கூச்சிங் போன ஹெலிகாப்டர் பாத்தாங் லூப்பார் ஆற்றுப் பகுதியில் விழுந்தது. தோட்டத் தொழில் துணையமைச்சர் நோரியா கஸ்னோன், அவர் கணவர், கோலகங்சார் நாடாளுமன்ற உறுப்பினர் வான் முகமட் கைரில், அமைச்சின் தலைமைச் செயலாளர் டத்தோ டாக்டர் சுந்தரன் அண்ணாமலை, மெய்க்காவலர், விமானி என ஆறு பேர். தோட்டத்து மக்களான நம்மில் எத்தனை பேருக்கு அந்த அமைச்சின் உச்சியில் ஒரு தமிழர் அமர்ந்திருந்தது அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது? எனக்கும் அப்படித்தான். ஜூன் 18 அன்று சுங்கை பெசாரிலும் கோலகங்சாரிலும் இடைத்தேர்தல் நடந்தது. கோலகங்சார் எங்களுக்கு அடுத்த ஊர். கொடிகள் எங்கள் சாலை வரை கட்டப்பட்டன. கொடி கட்டும்போது இரண்டு உறுப்பினர்களைப் பற்றி மட்டுமே பேச்சு, மற்ற நால்வருக்குத் தொகுதி இல்லை.

7 ஆகஸ்ட் 2025

நேற்று கானாவில் இராணுவ ஹெலிகாப்டர் விழுந்து தற்காப்பு அமைச்சரும் சுற்றுச்சூழல் அமைச்சரும் உட்பட எட்டுப் பேர் இறந்துவிட்டனர். இழையைத் தொடங்கியவர் "பார்த்தீர்களா" என்று ஒரு சொல் மட்டும் எழுதியிருக்கிறார். ஒரு நாள் பொறுக்கலாம் ஐயா.

18 ஆகஸ்ட் 2025

இன்று எழுதாமல் இருக்க முடியாது. 1945 ஆகஸ்ட் 18, தைப்பே. அப்போது தைஹோக்கு. நேதாஜி சென்ற ஜப்பானிய குண்டுவீச்சு விமானம் மேலெழுந்தவுடன் விழுந்து தீப்பிடித்தது. பெட்ரோலில் நனைந்த உடையோடு வெளியே வந்தவர் அன்றிரவு இராணுவ மருத்துவமனையில் இறந்தார் என்பது ஜப்பானியர் தந்த செய்தி. சைகோனில் அவருக்கு இரண்டு இருக்கைகளே கிடைத்தன. கர்னல் ஹபிபுர் ரஹ்மானை மட்டும் உடன் அழைத்துக்கொண்டார்.

என் தாத்தா தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பர்மா எல்லை வரை போய் எலும்பாகத் திரும்பியவர். எங்கள் லய வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் நேதாஜி படம். மாலை போட்டதில்லை. "உயிரோடு இருப்பவருக்கு எவன் மாலை போடுவான்" என்பார். 1956இல் ஷா நவாஸ் குழு அவர் இறந்தார் என்றது, 1970களில் கோஸ்லா ஆணையமும் அப்படியே. தாத்தா இரண்டையும் சட்டை செய்யவில்லை. 2006இல் வெளியான முகர்ஜி ஆணைய அறிக்கை அந்த விமான விபத்தில் அவர் இறக்கவில்லை என்றது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார், இருந்திருந்தால் எங்களை ஒரு வாரம் தூங்க விட்டிருக்க மாட்டார். அஸ்தி என்று சொல்லப்படுவது இன்றும் தோக்கியோ ரென்கோஜி கோவிலில் இருக்கிறது.

அவர் அந்த விபத்தில் இறந்தார் என்றே நான் நம்புகிறேன். ஆயினும் தாத்தாவிடம் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை. சதி பேசுபவர்களை இந்த இழையில் இரண்டு மாதமாக மறுத்துவருகிறேனே, என் வீட்டுத் திண்ணையில் மட்டும் வாய் மூடியே இருந்தேன்.

நேற்று எல்மினா நாள். லங்காவியிலிருந்து சுபாங் வந்த சிறிய ஜெட் நெடுஞ்சாலையில் விழுந்ததில் பகாங் ஆட்சிக்குழு உறுப்பினர் ஜொஹாரி ஹாருன் உட்பட விமானத்தில் இருந்த எட்டுப் பேர் இறந்தனர். தரையில் மட்டும் விரிக்க வேண்டிய இறக்கைத் தகடுகளை இரண்டாம் விமானி பறக்கும்போது அறியாமல் விரித்துவிட்டார் என்றது இறுதி அறிக்கை. எல்மினா என்பது ஒரு பழைய தோட்டத்தின் பெயர். இப்போது வீடுகளும் கடைகளும். அந்தச் சாலையில் ஒரு கார் ஓட்டுநரும் ஒரு மோட்டார் சைக்கிள்காரரும் போய்க்கொண்டிருந்தார்கள். இறந்தவர்கள் பத்து. இம்முறை எண்ணிக்கையை முழுமையாக எழுதிவிட்டேன்.

20 ஆகஸ்ட் 2025

1984. எழுதிவிடுகிறேன்.

டிரெய்லரின் அளவு மூன்று டன்; ஐம்பது கிலோ மூட்டை அறுபது. சீட்டில் அறுபது என்றுதான் இருந்தது. அன்று மழை வருவதற்குள் உரம் மேட்டு நிரைக்குப் போய்ச் சேர வேண்டும், இரண்டாம் நடைக்கு நேரமில்லை. ஏற்றியது எழுபத்து நான்கு. அறுபது என்று எழுதியவன் நான். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. சின்னையா ஜீப்பில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். டிராக்டர் புரண்டதில் ஓட்டிய அண்ணனின் வலது கால் நசுங்கிப் போயிற்று. சம்சு குடித்திருந்தார் என்று ஊரில் பேச்சு, முனி அடித்தது என்று இன்னொரு பேச்சு. அலுவலக அறிக்கையில் கவனக்குறைவு. சீட்டு அலுவலகக் கோப்பிலேயே இருந்தது. அவர் வேலை போய், லயத்தை விட்டு வெளியேறி, 1997இல் இறந்தார்.

நோமாட் அறிக்கையில் "பின்புறச் சரக்கறை" என்ற சொற்களைக் கண்டதும் என் கண் வேறெங்கும் நகராததற்குக் காரணம் இதுதான். லாபுவானில் அந்தச் சுமையை ஏற்றியவர்களும், பார்த்துக்கொண்டு நின்றவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? நாற்பத்தேழு ஆண்டுகள் காகிதம் பூட்டிக் கிடந்தபோது ஊர் சதியைப் பேசியது; அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்றுதான் எனக்கு யோசனை ஓடுகிறது.

24 ஆகஸ்ட் 2025

அண்ணனின் மகள் இப்போது தாமான் குடியிருப்பு வீட்டில் இருக்கிறார், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நேற்று போய்ச் சொன்னேன். சீட்டில் யார் கையெழுத்து என்று கேட்டார். என்னுடையது என்றேன். தெரியும் என்றார். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். அவர் அப்பா ஒவ்வொரு மூட்டையையும் எண்ணிக்கொண்டுதான் வண்டியில் ஏறினாராம், சாகும்வரை அந்த எண்ணை வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

மேலே 20ஆம் தேதிக் குறிப்பில் எழுபத்து நான்கு என்பதை எழுபத்தெட்டு என்று வாசிக்கவும்.